நிரலோடு வரலாறும் குடிபெயர்ந்த கதை

சி, சி++ மொழிகளில் எழுதிய நிரலைக் கணினி இயக்கக்கூடிய வடிவத்துக்கு மாற்றித் தரும் கம்பைலர், ஜிசிசி. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1987-ல் வெளியிட்டது. அதன் மூல நிரலில் யார், எப்போது, எதற்காகக் கை வைத்தார் என்ற பதிவுகள் சிவிஎஸ் என்ற மென்பொருளில் இருந்தன; 2005-ல் சப்வெர்ஷனுக்கு மாறின; 2020 ஜனவரியில் கிட்டுக்கு வந்து சேர்ந்தன. இந்தக் கடைசி மாற்றத்தில் இடம்பெயர்ந்த பதிவுகள் 2.8 லட்சத்துக்கும் மேல்.

இன்றைய நிரலை மட்டும் நகலெடுப்பது எளிது. ஆனால் ஒரு பிழையைத் துரத்துகிறவருக்கு, அந்த வரி எந்தத் திருத்தத்தில் நுழைந்தது, ஏன் நுழைந்தது என்பது தெரிந்தாக வேண்டும்.

சிக்கல் அங்கேதான். சிவிஎஸ் ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனியே கணக்கு வைக்கும். ஒரே திருத்தம் பத்துக் கோப்புகளைத் தொட்டால் பத்துப் பதிவுகள். ஒரே ஆள், ஒரே குறிப்பு, அடுத்தடுத்த நேரம் என்ற தடயங்களை வைத்துத்தான் மாற்றும் கருவி அவற்றை ஒன்றுசேர்க்கிறது. சப்வெர்ஷனில் கிளை (மைய நிரலிலிருந்து பிரிந்து தனியே நடக்கும் வேலை) என்பதே நகலெடுத்த ஒரு கோப்புறைதான்; யாராவது தவறான இடத்தில் நகலெடுத்திருந்தால் கருவி குழம்பிவிடும். சப்வெர்ஷனில் லாகின் பெயர் மட்டுமே பதிவாகும்; கிட்டோ முழுப்பெயரும் மின்னஞ்சலும் கேட்கும். பிறர் அனுப்பிய திருத்தத்தை அனுமதி பெற்றவர் சேர்த்திருந்தால், எழுதியவர் யார் என்பதை, திருத்தங்களைக் குறித்துவைக்கும் சேஞ்ச்லாக் கோப்புகளில் தேடி எடுக்க வேண்டும்.

இத்தகைய வேலைகளுக்கு எரிக் ரேமண்ட் உருவாக்கிய கருவி ரெப்போசர்ஜன். பைத்தானில் இருந்த அது ஜிசிசியின் பருமனுக்கு ஈடுகொடுக்காமல் திணறியதால், கோ மொழியில் திருப்பி எழுதினார்கள். கிட்-எஸ்விஎன் என்ற வேறொரு கருவி வழியாக இன்னொரு மாற்றமும் போட்டிக்குத் தயாரானது. இரண்டையும் ஒப்பிட்டபோது ஒன்றில் இருந்த பிழையை மற்றொன்று காட்டிக்கொடுத்தது. கடைசியில் ரெப்போசர்ஜன் தேர்வானது.

மாற்றம் சரியா என்று பார்க்க நேரடியான வழி ஒன்று உண்டு: ஒவ்வொரு கிளையின் நுனியையும், ஒவ்வொரு வெளியீட்டையும் பழையதிலிருந்தும் புதியதிலிருந்தும் எடுத்து, கோப்புக்குக் கோப்பு ஒப்பிடுவது. வித்தியாசம் வந்தால் காரணத்தைக் கண்டுபிடித்து, விதியைத் திருத்தி, முதலிலிருந்து மறுபடி ஓட்டுவார்கள்.

பழைய பிழை அறிக்கைகள் சப்வெர்ஷன் எண்களையே சுட்டுகின்றன. அதனால் மாறி வந்த பதிவுகளின் குறிப்பில் பழைய எண்ணையும் ஒரு வரியாகச் சேர்த்துவிட்டார்கள். பழைய திருத்தம் ஒன்றைத் தேடுகிறவர் அந்த எண்ணைக் கொண்டே இன்றைய கிட்டில் அதைப் பிடித்துவிடலாம்.