கோழித் தலைக்குள் மருந்து!

குட்டீஸ்! செஞ்சிக் கோட்டைப் படிகளில் படுத்திருக்கும் நாயை நீங்கள் சீண்டியதுண்டா? இனி வேண்டாம்! வெறிநோய் (ரேபிஸ்) முற்றிவிட்டால் பிழைப்பது மிக அரிது.

வீட்டு நாய்க்கு ஊசி போடலாம்; காட்டு நரிக்கு யார் போடுவது? சுவிட்சர்லாந்து விஞ்ஞானிகள் 1978ல் ஒரு வழி கண்டனர். கோழித் தலைகளுக்குள் தடுப்பு மருந்தை வைத்து, ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் போட்டனர். நரிகள் கடித்தபோது மருந்து வாயில் பட்டு, எதிர்ப்புச் சக்தி உண்டானது. பல ஆண்டுகள் இப்படிச் செய்ததால், 1999ல் அந்நாடு ரேபிஸ் இல்லாத நாடானது!

நம் நாட்டில் இந்நோய் பெரும்பாலும் நாய்க்கடியால்தான் வருகிறது. நாய் கடித்தாலோ, கீறினாலோ, திட்டுக்குப் பயந்து மறைக்காதீர்கள். சோப்பு போட்டுக் குழாய்நீரில் 15 நிமிடம் கழுவுங்கள். பெற்றோருடன் உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ஒரு தவணை ஊசியையும் விடக்கூடாது, சரியா?