வாசலில் அமீனா!

"கோர்ட்டு அமீனா வந்திருக்கிறார்!" கடலூர் முதுநகரானாலும் சிதம்பரமானாலும், இதைக் கேட்டதும் அடுப்படியில் நிற்பவளுக்குக் கை கால் ஓடாது. பதறாதீர்கள், அம்மா! முதலில் வாரண்டைக் காட்டச் சொல்லுங்கள். வாரண்டின்றி மிரட்டுகிறவர் கடன் கொடுத்தவரின் ஆளாகத்தான் இருப்பார்.

1908-ஆம் வருஷத்து சிவில் நடைமுறைச் சட்டம் இன்றும் அமுலில் இருக்கிறது. அதன்படி, பொழுது சாய்ந்தபின் ஜப்திக்காக வீட்டுக்குள் நுழையக் கூடாது. அவசியமான உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை இவற்றைத் தொடக் கூடாது, கழுத்துத் தாலியையுந்தான். பணக் கடன் டிக்ரிக்காகப் பெண்களைக் கைது செய்யவும் இடமில்லை. கணவர் பேரில் மட்டும் டிக்ரி இருக்க, உங்கள் சீதன நகையை ஜப்தி செய்தால், "இது என்னுடையது" என்று கோர்ட்டில் ஆட்சேபணை மனுப் போடலாம்.

ஆனால், சம்மனை வாங்காமல் கதவைச் சாத்துகிறோமே, அதுதான் வினை! வழக்கு ஒருதலையாகத் தீர்ந்துவிடும். வக்கீலுக்குப் பணமில்லையா? கடலூர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவசமாகவே வக்கீலை அமர்த்தித் தருவார்கள்.