ஐந்து எழுத்தும் ஒரு மாவட்டமும்

வருஷா வருஷம் மே மாதம் பெங்களூர்ப் பேப்பர்களில் ஒரு பட்டியல் வரும். எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட், மாவட்ட வாரியாக. உச்சியில் தட்சிண கன்னடாவோ உடுப்பியோ இருக்கும். அடியில் யாதகிரியோ கலபுரகியோ கிடக்கும். 2025இல் தட்சிண கன்னடா 91.12 சதவீதம், கலபுரகி 42.43. ஒரே மாநிலம், ஒரே பாடப் புத்தகம், ஒரே கேள்வித்தாள். பாதிக்குப் பாதிக்கும் மேலே வித்தியாசம். உடனே ஹலசூர் டீக்கடையில் யாராவது ஒருத்தர், "அந்தப் பக்கத்துப் பிள்ளைங்களுக்குப் படிப்பே ஏறாதாண்ணே?" என்பார். ஏறும். ஆனால் ஏன் ஏறவில்லை என்று சொல்லக் கொஞ்ச நேரம் பிடிக்கும். டீ சொல்லிவிட்டு உட்காருங்கள்.

முதலில் அந்தச் சதவீதத்தையே கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும். 2023இல் மாநிலத் தேர்ச்சி 83.89. 2024இல் தேர்வு அறைகளில் கேமரா வைத்து நேரலையில் கண்காணித்தார்கள். தேர்ச்சி 73.40க்கு இறங்கியது. அதுவும் கருணை மதிப்பெண்ணை 20 சதவீதம்வரை தாராளமாக அள்ளிப் போட்ட பிறகு. முதலமைச்சரே முகம் சுளித்தார். 2025இல் கருணை நின்றது, முதல் தேர்வில் 62.34. இரண்டே வருஷத்தில் பிள்ளைகள் மக்காகிவிடவில்லை. முன்பு கணக்கில் தெரியாமல் இருந்தது இப்போது தெரிகிறது, அவ்வளவுதான்.

ரிசல்ட் இறங்கினால் மாவட்ட அதிகாரி என்ன செய்வார்? டிசம்பர் முதல் சாயங்கால வகுப்பு, மாதிரி வினாத்தாள், சுமாராகப் படிக்கும் பிள்ளைகளுக்கு 'பாஸிங் பேக்கேஜ்'. இந்தக் கடைசிப் பெயரை நான் கட்டவில்லை, ஆசிரியர்களே புழங்கும் வார்த்தை. எந்தெந்தப் பாடத்தில் எந்தெந்தக் கேள்வியை நெட்டுருப் போட்டால் கரை சேரலாம் என்ற பட்டியல் அது. பருப்பு வேகாத சாம்பாரில் தாளிப்பை மட்டும் கூட்டுகிற வேலை. அதிகாரியைக் குறை சொல்லியும் பயனில்லை. 2025 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த குழந்தை எஸ்.எஸ்.எல்.சி. எழுதப்போவது 2035 மார்ச்சில். அதற்குள் அந்த மாவட்டம் எத்தனை கல்வி அதிகாரிகளைப் பார்த்திருக்கும்! ஒன்றாம் வகுப்பில் கை வைத்தவர், அதன் பலன் பேப்பரில் வரும்போது, ஓய்வுபெற்றுப் பேரனைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருப்பார்.

ஆனால் பிடி அந்த ஒன்றாம் வகுப்பில்தான் இருக்கிறது. 2005 முதல் பிரதம் என்ற தொண்டு நிறுவனத்தின் துணையோடு 'அசர்' என்று ஒரு கணக்கெடுப்பு நடக்கிறது. கிராமத்தில் வீடு வீடாகப் போய்க் குழந்தையை உட்காரவைத்து ஒரு தாளை நீட்டுவார்கள். எழுத்து, சொல், ஒரு சின்னப் பத்தி, இரண்டாம் வகுப்புத் தரத்தில் ஒரு குட்டிக் கதை. எதுவரை வாசிக்கிறது என்று குறித்துக்கொள்வார்கள். கணக்கில் கடன் வாங்கிக் கழித்தல், வகுத்தல். அவ்வளவே. 2024இல் நாடு முழுக்க கிராமப்புற அரசுப் பள்ளிகளில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புக் கதையை வாசித்தவர்கள் 23.4 சதவீதம். கோவிட் முடிந்த கையோடு, 2022இல், அது 16.3ஆக இருந்தது. ஏறியிருக்கிறது, சந்தோஷம். ஆனாலும் நாலில் மூன்று பிள்ளைகள் வாசிக்கத் தெரியாமலேயே நாலாம் வகுப்புக்குப் போகின்றன. அங்கே சூழ்நிலையியல் பாடம் காத்திருக்கிறது. ஆசிரியர் பாடத்தை முடித்தாக வேண்டும், பிள்ளை உட்கார்ந்திருக்கும், பதிவேட்டில் 'ஹாஜர்' விழும். ஆறு வருஷம் இப்படியே ஓடினால் பத்தாம் வகுப்பு வந்துவிடும்.

கலபுரகி, யாதகிரி, ராய்ச்சூர்ப் பக்கம் இதோடு இன்னொன்றும் சேர்கிறது. அறுவடை முடிந்தால் குடும்பத்தோடு வேலை தேடிக் கிளம்புவதை அங்கே 'குளே போவது' என்பார்கள். வருகிற இடம் வேறெதுவுமில்லை, நம் பெங்களூர்தான். ஒயிட்ஃபீல்டிலும் சர்ஜாபுரத்திலும் மாடி எழும்பும் இடத்துக்குப் பக்கத்தில் நீலத் தகரக் கொட்டகைகள் இருக்கும், பார்த்திருப்பீர்கள். அங்கே தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கும் ஒன்பது வயதுப் பெண்ணின் பெயர் ஊர்ப் பள்ளியின் பதிவேட்டில் இருக்கிறது. மழைக்கு முன் ஊர் திரும்பும்போது வகுப்பு பத்துப் பாடம் தாண்டிப் போயிருக்கும். தாண்டா எனப்படும் லம்பாணிக் குடியிருப்புகளிலிருந்து வரும் பிள்ளைக்கு வீட்டு மொழி வேறு, பள்ளிக் கன்னடம் வேறு. ஆசிரியர் காலியிடங்களும் இந்தப் பக்கம்தான் அதிகம்.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு என்ன செய்யலாம் என்பதற்குக் கர்நாடகத்திலேயே ஒரு பதில் உண்டு. ஊர்: மைசூரு மாவட்டம், ஹெக்கடதேவனகோட்டே தாலுகா. கபினி அணை, நாகரஹொளே காடு, ஜேனு குருபர் பழங்குடிக் குடியிருப்புகள். பிள்ளைகள் பள்ளிக்கு வருவதும் நிற்பதுமாக இருந்த இடம். 1995இல் அந்தத் தாலுகா ஆசிரியர்கள் சிலர் யுனிசெஃப் உதவியோடு ஆந்திராவின் ரிஷி வேலிப் பள்ளிக்குப் போனார்கள். மதனபள்ளிக்குப் பக்கத்துக் கிராமங்களில் ஓராசிரியர்ப் பள்ளிகளுக்கென்று ரிஷி வேலிக்காரர்கள் ஒரு முறையை வளர்த்து வைத்திருந்தார்கள். பாடப் புத்தகத்தை உடைத்துச் சின்னச் சின்ன அட்டைகளாக்கி, ஏணிப்படி போல வரிசைப்படுத்திய முறை. அதைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் கன்னடத்தில் தாங்களே அட்டை எழுதினார்கள், பாட்டுக் கட்டினார்கள், விளையாட்டுச் சேர்த்தார்கள். அதுதான் 'நலி கலி', ஆடிப்பாடிக் கற்பது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் அதிகாரி எம்.பி. விஜயகுமார் தொடங்கி, பிறகு தமிழ்நாடு முழுக்கப் போன செயல்வழிக் கற்றலுக்கும் மூலம் அதே ரிஷி வேலிதான்.

உள்ளே போய்ப் பார்த்தால் மேஜை, பெஞ்சு கிடையாது. ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில் தரையில் வட்டம் வட்டமாக உட்கார்ந்திருக்கும். ஒரு வட்டத்துக்கு ஆசிரியரின் முழுத் துணை. இன்னொன்றுக்குப் பாதித் துணை. அடுத்த வட்டத்தில் தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லித்தரும். கடைசி வட்டம் தானாகவே வேலை செய்யும். இந்த வட்டங்களுக்குத் 'தட்டு' என்று பெயர். சுவரின் அடிப்பாகத்தில், குழந்தையின் கை எட்டும் உயரத்தில், கறுப்புப் பட்டை அடித்திருக்கும். ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஒரு கட்டம். தலைக்கு மேலே கயிறு கட்டி, பிள்ளைகள் வரைந்ததையெல்லாம் தொங்கவிட்டிருப்பார்கள். அதற்கு 'சப்பர', நம் பந்தல். சுவரில் ஏணிப் படம். எந்தப் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்பது ஆசிரியருக்கும் தெரியும், பிள்ளைக்கும் தெரியும்.

எழுத்தும் 'அ, ஆ' என்று தொடங்குவதில்லை. முதல் ஐந்து எழுத்து ர, க, ஸ, த, அ. ஏன் இந்த ஐந்து? வடிவத்தில் எளியவை, சேர்த்தால் உடனே சொல் பிறக்கும். 'அரஸ' என்றால் அரசன், 'ஸர' என்றால் கழுத்துச் சரம், 'கரகஸ' என்றால் மரம் அறுக்கிற ரம்பம். ஐம்பது எழுத்தையும் முடித்துவிட்டு ஆறு மாதம் கழித்து முதல் சொல்லை வாசிப்பதற்கும், பள்ளி சேர்ந்த சில வாரங்களில் 'கரகஸ' என்று வாசித்துவிட்டுச் சிரிப்பதற்கும் வித்தியாசம் உண்டல்லவா? அந்தச் சிரிப்புக்காகவே மறுநாள் பள்ளிக்கு வருகிற பிள்ளை உண்டு.

குளே போன பெண்ணை நினைத்துப் பாருங்கள். நாலு மாதம் கழித்து வந்தாலும் அவள் படி அப்படியே காத்திருக்கும். விட்ட அட்டையிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். 'வகுப்பு எங்கே போய்விட்டது' என்ற கேள்வியே இல்லை.

இவ்வளவு நல்ல முறை 2009-10இல் மாநிலம் முழுக்க அரசுப் பள்ளிகளின் ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கும், பிறகு மூன்றாம் வகுப்புக்கும் வந்தும் கலபுரகிக்கு 2025இல் ஏன் 42.43? நியாயமான கேள்வி. ஹெக்கடதேவனகோட்டே ஆசிரியர்கள் அட்டையைத் தாங்களே எழுதினார்கள். மற்றவர்களுக்கு அது பெங்களூரிலிருந்து பார்சலில் வந்தது, சுற்றறிக்கையோடு. ஏன் இந்தப் படிக்குப் பிறகு அந்தப் படி என்று தெரியாத ஆசிரியருக்கு அட்டைக் கட்டு ஒரு சுமை. கிழிந்த அட்டைக்கு மாற்று வராது. பெற்றோருக்கோ தரையில் உட்கார்ந்து பாடுவது படிப்பாகவே தெரிவதில்லை, எல்.கே.ஜி., டை, இங்கிலீஷ் என்று பக்கத்துக் கான்வென்ட் வேன் வாசலுக்கே வருகிறது. நாலாம் வகுப்பில் அட்டை போய்ப் புத்தகம் வரும்போது பிள்ளைக்குத் தூக்கிவாரிப் போடுகிறது வேறு.

முறையில் குறை இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் மாவட்டம் மாறுவதும் மாறாததும் வேறொரு ஆளிடம் இருக்கிறது என்பது என் எண்ணம். சி.ஆர்.பி. என்பார்கள், தொகுப்பு வள ஆசிரியர். வட்டாரக் கல்வி அதிகாரிக்கும் பள்ளிக்கும் நடுவில் இருப்பவர். பத்துக்கு மேற்பட்ட பள்ளிகளைச் சுற்றுபவர். அவர் பள்ளிக்கு வந்தால் என்ன கேட்கிறார்? முட்டைக் கணக்கு, சீருடைக் கணக்கு, ஆன்லைனில் ஏற்ற வேண்டிய விவரம். கர்நாடகத்தில் மாணவர் விவரம் ஏற்றும் தளத்துக்குப் பெயரே 'மாணவர் அடைவு கண்காணிப்பு முறை'. ஆசிரியர்கள் அதைத் திறப்பது பெரும்பாலும் சேர்க்கைக்கும் டி.சி.க்கும்தான்!

இது வெறும் புலம்பல் இல்லை, சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2019இல் நோபல் வாங்கிய அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும் பிரதமோடு பல வருஷம் வேலை செய்தவர்கள். பிள்ளையை வகுப்புப்படி பிரிக்காமல் வாசிக்கும் நிலைப்படி பிரித்துக் கற்பிக்கும் முறையைப் பல மாநிலங்களில் அளந்தார்கள். பீகாரிலும் உத்தராகண்டிலும் புத்தகமும் பயிற்சியும் கொடுத்துவிட்டு விட்ட இடங்களில், வழக்கமான பள்ளி நாட்களில் மாற்றம் ஒன்றும் தெரியவில்லை. ஹரியானாவில் வேறு மாதிரி செய்தார்கள். நம் சி.ஆர்.பி. போன்ற வட்டார ஒருங்கிணைப்பாளர்களை முதலில் பள்ளியில் நிறுத்தி, பதினைந்து இருபது நாள் அவர்களையே பிள்ளைகளுக்குக் கற்பிக்க வைத்தார்கள். பிறகுதான் ஆசிரியருக்குச் சொல்லித்தர அனுப்பினார்கள். தினம் இதற்கென்று தனி நேரம் ஒதுக்கினார்கள். இந்தி வாசிப்பு முன்னேறியது. கணக்கில் அவ்வளவு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். தானே செய்து பார்த்த மேற்பார்வையாளர் வகுப்பில் நுழைந்ததும் பார்க்கிற பார்வையே வேறு. பதிவேட்டை விட்டுப் பிள்ளையிடம் போவார்.

ஒரு ஊர் முழுக்கவே மாறியதற்கும் உதாரணம் உண்டு. பிரேசிலில் சோப்ரால் என்று ஒரு நகராட்சி, நம் கலபுரகி போல வறண்ட வடகிழக்கில். 2001 வாக்கில் பார்த்தால் இரண்டாம் வகுப்பு முடித்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வாசிக்கத் தெரியவில்லை. நாட்டின் கல்வித் தர வரிசையில் 2005இல் அதற்கு 1,366ஆவது இடம். 2017இல் முதல் இடம். நடுவில் என்ன நடந்தது? தலைமை ஆசிரியர் நியமனத்தில் அரசியல் சிபாரிசை ஒழித்துத் தேர்வு வைத்தார்கள். வருஷத்துக்கு இருமுறை ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக வாசிக்கவைத்துக் கேட்டார்கள். மேயர் மாறியும் திட்டம் மாறவில்லை. இந்தக் கடைசி விஷயம்தான் நம் ஊரில் கஷ்டம்.

கணக்குக்கு இங்கேயே பக்கத்தில் ஒரு முயற்சி உண்டு. பெங்களூரின் அக்ஷரா ஃபவுண்டேஷன் ஹொசக்கோட்டே தாலுகாவில் தொடங்கி, பிறகு அரசோடு சேர்ந்து கர்நாடகத்தின் வடகிழக்கு மாவட்டங்களுக்கு எடுத்துப் போன 'கணித கலிகா ஆந்தோலன'. மணிச்சட்டம், பத்துப் பத்தாய்க் கட்டிய கட்டைகள், விளையாட்டு ரூபாய் நோட்டு, பின்னத் துண்டுகள் எல்லாம் ஒரு பெட்டியில். எனக்கு அதில் பிடித்தது பெட்டியைவிடக் கிராமப் பஞ்சாயத்துக் கணிதப் போட்டி. நாலு, ஐந்து, ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஊர்ப் பெரியவர்கள் முன்னால் உட்கார்ந்து கணக்கு எழுதும். தன் பிள்ளை எந்தக் கழித்தலில் இடறுகிறது என்று அன்றைக்குத்தான் பல அப்பாக்களுக்குத் தெரிகிறது. 2001 முதல் ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் பெற்றோர் அடங்கிய எஸ்.டி.எம்.சி. குழு இருக்கிறது. அந்தக் கூட்டங்களில் காம்பவுண்டுச் சுவரைப் பற்றிப் பேசிய நேரத்தில் பத்தில் ஒரு பங்கு வாசிப்பைப் பற்றிப் பேசியிருந்தாலே போதும்.

உங்கள் கம்பெனி சி.எஸ்.ஆர். பணத்தில் யாதகிரிப் பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வாங்கித்தரப் போகிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். தாருங்கள், வேண்டாமென்று யார் சொன்னது? போகும்போது மூன்றாம் வகுப்பில் கொஞ்சம் உட்காருங்கள். பாடப் புத்தகத்தில் இல்லாத ஒரு சின்னக் கதையைக் கன்னடத்தில் எழுதி எடுத்துப் போய், எட்டுப் பத்துப் பிள்ளைகளை ஒவ்வொருவராக வாசிக்கச் சொல்லுங்கள். புத்தகப் பாடம் என்றால் மனப்பாடமாக ஒப்பித்துவிடும், ஏமாந்துவிடாதீர்கள். அப்படியே ஆசிரியரிடம், சி.ஆர்.பி. கடைசியாக எப்போது வந்தார், வந்து எந்தப் பிள்ளையை வாசிக்கச் சொன்னார் என்று கேளுங்கள். போர்டுக்கு ஒதுக்கிய தொகையில் கிழிந்த அட்டைகளுக்கு மாற்று அச்சடிக்க எவ்வளவு ஆகும் என்று அவரிடமே விசாரித்துக்கொண்டு வாருங்கள்.