பைத்தான், ரூபி தெரிஞ்சா போதுமா? வெப் டூல்கிட் 'பைண்டிங்'கை நம்பி இறங்கும் முன் இதைக் கவனிங்க!

சேலம் மாவட்டம் தம்மம்பட்டி என்றாலே மரச்சிற்பம்தான் ஞாபகத்துக்கு வரும். அங்குள்ள ஒரு பட்டறைக்கு, ஆன்லைனில் ஆர்டர் எடுக்க ஒரு வெப் அப்ளிகேஷன் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். செய்துதர வந்த பையனுக்கு ரூபி தெரியும். ஆனால் அவனுக்குப் பிடித்துப்போன டூல்கிட் சி பிளஸ் பிளஸில் எழுதப்பட்டது. என்ன செய்வான்? 'பைண்டிங்' இருக்கா என்று தேடுவான்.

பைண்டிங் என்றால் என்ன?

ஒரு மொழியில் எழுதிய லைப்ரரியை இன்னொரு மொழியிலிருந்து கூப்பிட உதவும் இணைப்புதான் பைண்டிங். நீங்க ரூபியில் ஒரு பட்டனை உருவாக்கச் சொன்னால், அது பின்னால் இருக்கும் சி பிளஸ் பிளஸ் கட்டளையாக மாறி ஓடும். அவ்வளவுதான். நம்ம பக்கத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' மொழியில் தமிழில் கட்டளை எழுதலாம். உள்ளே வேலை செய்வது பைத்தான்.

விட்டி எப்படி வேலை செய்கிறது?

பெல்ஜியத்தின் எம்வெப் நிறுவனம் உருவாக்கிய டூல்கிட் விட்டி. இதில் ஹெச்டிஎம்எல், ஜாவாஸ்கிரிப்ட் எழுத வேண்டிய வேலை ரொம்பக் குறைவு. கம்ப்யூட்டர் சாஃப்ட்வேர் செய்வதுபோல பட்டன், டெக்ஸ்ட் பாக்ஸ், டேபிள் என்று அடுக்கினால், பிரவுசருக்கு வேண்டியதை அதுவே தயார் செய்துவிடும். வெப் சர்வரும் உள்ளேயே இருக்கிறது. இதற்கு ரூபி பைண்டிங்கை எழுதியவர் ரிச்சர்ட் டேல். கியூட்டி என்ற டெஸ்க்டாப் டூல்கிட்டுக்கும் ரூபி பைண்டிங் செய்த அனுபவம் உள்ளவர்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. சிக்கல் எங்கே?

மெமரியில்தான். ரூபியும் பைத்தானும் தேவையில்லாத பொருளைத் தாங்களே சுத்தம் செய்யும். சி பிளஸ் பிளஸில் அந்தப் பொறுப்பு புரோகிராமருடையது. விட்டியில் ஒரு பக்கத்தை நீக்கினால், அதற்குள் இருக்கும் பட்டன்களும் சேர்ந்து அழியும். ஆனால் ரூபி பக்கத்தில் உள்ள வேரியபிளுக்கு அது தெரியாது. காலி செய்துவிட்டுப் போன வீட்டுக்குத் தபால் போடுவதுபோல, இல்லாத பட்டனுக்குக் கட்டளை அனுப்பும். சாதாரண ரூபி தவறு என்றால் ஓர் எரர் மெசேஜோடு போய்விடும். இங்கே அந்த புரோசஸே விழுந்துவிடலாம். எல்லா வாடிக்கையாளரும் ஒரே புரோசஸில் இருந்தால், பாதி ஆர்டர் போட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரும் வெளியே! நல்ல பைண்டிங் இதையெல்லாம் முன்கூட்டியே யோசித்துக் கையாளும். அதை எழுதுவது லேசான வேலை இல்லை.

வெர்ஷன் மாறினால் என்ன ஆகும்?

2017-இல் விட்டி 4 வந்தது. எந்தப் பொருள் யாருக்குச் சொந்தம் என்பதைக் குறிக்கும் முறையே அதில் மாறியது. பழைய வெர்ஷனுக்கு எழுதிய பைண்டிங்கை அப்படியே இதில் ஒட்ட முடியாது. யாராவது உட்கார்ந்து திருத்த வேண்டும். பைண்டிங்கை வைத்திருப்பது பெரும்பாலும் ஓரிருவர்தான். அவர்கள் விட்டுவிட்டால், நீங்க பழைய வெர்ஷனிலேயே மாட்டிக்கொள்வீர்கள். செக்யூரிட்டி ஓட்டைகள் புதிய வெர்ஷனில் அடைக்கப்பட்டாலும் உங்களுக்கு வந்துசேராது.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது தேதிகளை. டூல்கிட்டின் கடைசி ரிலீஸ் எப்போது, பைண்டிங்கின் கடைசி ரிலீஸ் எப்போது? இரண்டுக்கும் பல வருட இடைவெளி என்றால் யோசிக்காமல் விலகிடுங்க. பக்கங்களைத் திறந்து மூடி, திறந்து மூடி நூறு தடவை ஓட்டிப் பார்ப்பதும் நல்லது. மெமரி கோளாறு முதல் தடவையிலேயே முகம் காட்டாது.

அப்போ அந்தப் பையன் என்ன செய்யலாம்?

சிற்பத்தின் படம், விலை, அளவு, ஆர்டர் ஃபார்ம்... இவ்வளவுதான் தேவை என்றால் பைண்டிங்கே வேண்டாம். ரூபியிலேயே ரெயில்ஸ் இருக்கிறது. பைத்தான் தெரிந்தவர்களுக்கு ஜாங்கோ. ஏற்கெனவே சி பிளஸ் பிளஸில் பெரிய புரோகிராம் இருந்து, அதன்மேல் வெப் பக்கம் தேவைப்படுபவர்களுக்குத்தான் விட்டி போன்றது உண்மையில் கைகொடுக்கும்.

இன்னொரு தகவல்: ஜாவாக்காரர்களுக்காக எம்வெப் நிறுவனம் பைண்டிங் வழியில் போகவில்லை. விட்டியின் சி பிளஸ் பிளஸ் கோடையே தானியங்கி முறையில் ஜாவாவுக்கு மாற்றி, 'ஜேவிட்டி' என்று தனியாக வெளியிட்டது.