நின்றால் கொதிக்கும் எஞ்சின்

சேலத்திலிருந்து ஆத்தூர் செல்லும் வழியில் இருக்கிறது வாழப்பாடி. இங்குள்ள ரயில் நிலையத்தின் பெயரே 'வாழப்பாடி கேட்' என்பதுதான். அவ்வூர்ப் பக்கம் ஒரு ரயில்வே கேட் மூடியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குச்சிக்கிழங்கு ஏற்றிய வேன் ஒன்று எஞ்சினை அணைக்காமல் காத்து நிற்கிறது. ஓட்டுநர் தம் முன்னால் உள்ள வெப்பங்காட்டியைப் பார்க்கிறார். சாலையில் ஓடி வந்தபோது நடுவில் நின்ற முள், இப்போது மெல்ல மெல்லச் சிவப்புக் கோட்டை நோக்கி ஏறுகிறது! கேட் திறந்து வண்டி ஓடத் தொடங்கியதும் முள் தானே இறங்கிவிடுகிறது.

ஓடி உழைக்கும்போது சூடேறாத எஞ்சின், சும்மா நிற்கும்போது ஏன் சூடேற வேண்டும்? விந்தையாக இருக்கிறதல்லவா?

வெப்பம் எங்கே போகிறது?

வண்டி ஓடும்போது, எரிபொருள் தரும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் வேலையாக மாறுகிறது. இன்னொரு பங்கு புகையோடு வெளியேறுகிறது. மீதியில் பெரும்பகுதி எஞ்சினின் உலோகத்தைச் சூடாக்குகிறது. அந்த வெப்பத்தை அகற்றாவிட்டால் சிலிண்டர் ஹெட் கோணிவிடும், கேஸ்கட் பழுதாகும், பிஸ்டன் இறுகி எஞ்சினே நின்றுவிடும்.

ஆகவே சிலிண்டர்களைச் சுற்றித் தண்ணீர் ஓடுகிறது. எஞ்சினின் வெப்பத்தை வாங்கிக்கொண்டு அது ரேடியேட்டருக்கு வருகிறது. ரேடியேட்டரில் மெல்லிய குழாய்களும் தகடுகளும் நெருக்கமாக அமைந்துள்ளன. அவற்றின் இடையே புகும் காற்று வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. குளிர்ந்த தண்ணீரை பம்ப் மீண்டும் எஞ்சினுக்கு அனுப்புகிறது.

வண்டி ஓடும்போது எதிர்க்காற்று தானாகவே ரேடியேட்டருக்குள் பாய்கிறது. நிற்கும்போது அந்தக் காற்று ஏது? விசிறி ஒன்றே துணை. நிற்கும் எஞ்சினில் உண்டாகும் வெப்பம் குறைவுதான். ஆனால் விசிறியும் சரியாகச் சுற்றாவிட்டால் அந்தக் குறைந்த வெப்பம்கூட வெளியேற வழியில்லை.

இந்தத் தொல்லை புதிதன்று. 1900-ஆம் ஆண்டில் ஜெர்மானியப் பொறியாளர் வில்ஹெல்ம் மேபாக், மெர்சிடஸ் காருக்காகத் தேன்கூடு போன்ற ரேடியேட்டரை அமைத்தார். அதில் 8,070 சிறு குழாய்கள் இருந்தன. மெதுவாகப் போகும்போதும் காற்றுக் கிடைக்க, பின்னால் ஒரு விசிறியையும் பொருத்தினார்.

எப்போது சூடேறுகிறது?

நல்ல மெக்கானிக் கேட்கும் முதல் கேள்வி இதுதான். விடையிலேயே துப்பு இருக்கிறது.

நிற்கும்போது மட்டும் சூடேறினால், காற்றின் வழியை முதலில் பார்க்க வேண்டும். விசிறியை பெல்ட் சுழற்றும் வண்டிகளில் பெல்ட் தளர்ந்திருக்கலாம். கார்களில் பெரும்பாலும் மின்விசிறிதான். அதன் ஃப்யூஸ் போயிருக்கலாம், மோட்டார் பழுதாகியிருக்கலாம். ரேடியேட்டரின் முகப்பில் தூசியும் வைக்கோல் துரும்பும் அடைத்திருக்கலாம்.

சமதளச் சாலையில் வேகமாக ஓடும்போதே சூடேறினால் கதை வேறு. அங்கே காற்றுக்குப் பஞ்சமில்லை. எனவே தண்ணீரின் வழியைச் சந்தேகிக்க வேண்டும். உப்புத் தண்ணீரை ஊற்றி வந்தால், டீ போடும் பாத்திரத்தில் படிவதுபோல் குழாய்களுக்குள்ளும் உப்பு படியும். தெர்மோஸ்டாட் என்னும் வெப்பக் கதவு திறக்காமல் சிக்கிக்கொள்வதும் உண்டு.

தண்ணீர் குறைந்துவிட்டாலோ இரு வேளையிலும் சூடேறும். அதனால் எஞ்சின் ஆறியிருக்கும்போது தண்ணீர் மட்டத்தைப் பார்ப்பதே முதல் வேலை.

மூடியைத் திறக்காதீர்கள்!

ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைத் தேக்கி வைக்கிறது. வளிமண்டல அழுத்தத்தைப் போல் இரு மடங்கு அழுத்தத்தில் தண்ணீர் ஏறத்தாழ 120 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும். சூடான எஞ்சினில் மூடியைத் திறந்தால் அழுத்தம் சட்டென்று குறைகிறது. 100 டிகிரியைத் தாண்டிய தண்ணீர் அந்தக் கணமே கொதித்து முகத்தில் பீறிட்டு அடிக்கும். முள் சிவப்பைத் தொட்டால் எஞ்சினை அணைத்துவிட்டு, நன்றாக ஆறும்வரை காத்திருப்பதே அறிவுடைமை.

செய்து பாருங்கள்

ஒரே அளவுள்ள இரண்டு எவர்சில்வர் டம்ளர்களில் சம அளவு வெந்நீரைப் பெரியவர்களைக் கொண்டு ஊற்றச் சொல்லித் தட்டால் மூடுங்கள். ஒன்றை விசிறிக் காற்றிலும் மற்றொன்றைக் காற்றில்லாத மூலையிலும் வையுங்கள். கால்மணி நேரம் கழித்து வெப்பமானியால் அளந்து பாருங்கள். எது ஓடும் வண்டி, எது நிற்கும் வண்டி என்று உங்களுக்கே விளங்கும்.