தூரத்திலிருந்து ஒரு தீவுத் திருநாள்

கடல் கடந்து போனால்தான் ஒரு தீவை ரசிக்க முடியுமா? அதற்குப் பணத்துக்கு எங்கே போவது? கவலை வேண்டாம். ஹாஸ்டலில் இருந்தபடியே ஒரு தீவுத் திருநாளைக் கொண்டாட வழி சொல்கிறேன், கேளுங்கள்.

ஆப்பிரிக்காவின் வடமேற்குக் கரைக்கு அருகே உள்ளவை கனாரித் தீவுகள். ஸ்பெயின் நாட்டைச் சேர்ந்தவை. 1983 மே 30 அன்று அங்கே மாநிலச் சட்டமன்றம் முதன்முதலாகக் கூடியது. ஆகவே ஆண்டுதோறும் மே 30 அந்தத் தீவுகளுக்கு மட்டும் விடுமுறை. பிழைப்புத் தேடி வெனிசுலா, கியூபா என்று போன கனாரியர்கள் ஏராளம். வெனிசுலாவை 'எட்டாம் தீவு' என்று செல்லமாகச் சொல்வதும் உண்டு. ஊரை விட்டுப் போனவனுக்கு ஊரை ஞாபகப்படுத்துவது எது? சாப்பாடுதான்!

முதலில் 'கோஃபியோ'. தானியத்தை வறுத்து அரைத்த மாவு. ஸ்பானியர் வரும் முன்பே தீவின் பழங்குடிகள் பார்லியில் செய்தது. நம்ம சத்துமாவை நினைத்துக்கொள்ளுங்கள். வறுத்ததால் ஈரம் போய், நாள்பட இருக்கும். அடுப்பே வேண்டாம், தண்ணீரிலோ பாலிலோ பிசைந்தால் போதும். ஆடு மேய்க்கப் போகிறவர்களுக்கு இதைவிட வசதி உண்டா?

அடுத்து சுருக்க உருளைக்கிழங்கு. சின்னக் கிழங்கைத் தோலோடு, உப்பை அள்ளிப் போட்ட தண்ணீரில் வேகவிடுங்கள். தண்ணீரை வடித்துவிட்டு மறுபடி சிறுதீயில் வைத்துக் குலுக்கினால் தோல் சுருங்கி, மேலே வெள்ளையாய் உப்புப் பூக்கும். தொட்டுக்கொள்ள 'மோஹோ': காய்ந்த மிளகாய், பூண்டு, சீரகம், உப்பு, வினிகர், எண்ணெய் சேர்த்து அரைத்தது. எல்லாம் நம்ம மளிகைக் கடைச் சாமான்தான்!

மூன்றாவது, நம் எலக்ட்ரானிக்ஸ் மாணவர்களுக்கு: 'சில்போ' என்னும் சீட்டி மொழி. லா கொமேரா தீவு முழுக்க ஆழமான பள்ளத்தாக்குகள். எதிர்மலைக்கு நடந்துபோய்ச் சேதி சொல்வது லேசான காரியமல்ல. அதனால் விரலை வாயில் வைத்துச் சீட்டியடித்தே ஸ்பானிய மொழியைப் பேசினார்கள். சுருதி ஏறி இறங்குவதை வைத்துச் சொல்லைப் புரிந்துகொள்ளலாம். ஏறத்தாழ 1 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை நம் காது மிகக் கூர்மை. சீட்டியும் அதற்குள்தான் ஒலிக்கிறது. அதனால்தான் கிலோமீட்டர் கணக்கில் போகிறது! ரோடும் போனும் வந்தபின் இது தேய்ந்தது. விட்டார்களா? 1999-இல் அத்தீவுப் பள்ளிகளில் கட்டாயப் பாடமாக்கினார்கள். 2009-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். அப்பா ஆடு மேய்க்கிறார். அவர் நாக்கை மடித்து ஒரு சீட்டி அடித்தால் மந்தை மொத்தமும் திரும்பும். சொல்லிக் கொடுக்கக் கேட்டால், "படிக்கிற பிள்ளைக்கு இது எதுக்குடா?" என்பார். ஆட்டுக்காரர் சீட்டியைப் பள்ளிக்கூடத்தில் வைத்துச் சொல்லித்தரும் ஊர் ஒன்று இருக்கிறது என்று அவரிடம் சொல்லப்போகிறேன்.

வரும் மே 30-இல் நமக்கும் லீவு. கிழங்கை வேகவையுங்கள், மோஹோவை அரையுங்கள். அப்படியே உங்கள் வீட்டுப் பெரியவர்கள் கையில் என்ன வித்தை இருக்கிறதென்று கேட்டுப் பாருங்கள்!