வாடகை இல்லாத வீடு

சியோலில் ஒரு குடும்பம் இரண்டு ஆண்டு ஒரு வீட்டில் குடியிருக்கிறது. மாத வாடகை என்று ஒரு வொன்கூடக் கொடுப்பதில்லை. காலி செய்யும் நாளில், குடிவரும்போது வீட்டுக்காரரிடம் கொடுத்த பணம் முழுவதையும் திரும்ப வாங்கிக்கொண்டு போகிறது. தென்கொரியாவில் இதை ஜொன்சே என்பார்கள். கொடுக்கும் தொகைதான் மலைக்க வைக்கும்: வீட்டு விலையில் பெரும்பாலும் பாதிக்கு மேல், சில சமயம் முக்கால் பங்கையும் தாண்டும்.

சென்னையில் லீஸுக்கு வீடு பிடித்தவர்களுக்கும், மதுரைப் பக்கம் ஒத்திக்கு இருந்தவர்களுக்கும் இந்த ஏற்பாடு பழக்கமானதுதான். ஆனால் இங்கே ஓரமாக நடக்கும் ஒன்று, அங்கே ஒரு நாட்டின் வீட்டுச் சந்தையையே பல பத்தாண்டுகள் தாங்கியிருக்கிறது.

அப்படியானால் வாடகை எங்கே போயிற்று? வட்டிக்குள் போயிற்று. 30 கோடி வொன்னை 4 விழுக்காட்டு வட்டியில் போட்டால் ஆண்டுக்கு 1.2 கோடி, மாதத்துக்கு 10 லட்சம் வொன் கிடைக்கும். வீட்டுக்காரருக்கு அதுதான் வாடகை. வட்டி 2 விழுக்காடாக இறங்கினால், அதே 10 லட்சத்துக்கு 60 கோடி வொன் வேண்டும். வீடு அதேதான், சுவரும் கூரையும் மாறவில்லை. முன்பணம் மட்டும் இரண்டு மடங்கு. எங்கோ மத்திய வங்கியில் எடுக்கும் ஒரு முடிவு, வீடு தேடி அலையும் குடும்பத்தின் தலையில் இப்படித்தான் வந்து இறங்குகிறது.

1970களில் கொரிய வங்கிகள் தொழிற்சாலைகளுக்கு அள்ளிக் கொடுத்தன. வீடு வாங்குகிறவருக்குக் கடன் கிடைப்பது அரிது. அதனால் வீடு வாங்க நினைத்தவர், குடிவருபவரின் பணத்தையே கடனாக்கிக்கொண்டார். வங்கி செய்ய வேண்டிய வேலையைக் குடித்தனக்காரர் செய்தார் என்றால் மிகையில்லை. ஆனால் வங்கி கேட்கும் கேள்விகளைக் கேட்க அவருக்கு வழியில்லை.

வந்த பணத்தை வீட்டுக்காரர் பெட்டியில் பூட்டி வைப்பதில்லை. அதில் அடுத்த வீட்டை வாங்குவார், அங்கும் ஒருவரைக் குடிவைப்பார். பழையவர் கிளம்பும்போது புதியவர் தரும் பணத்திலிருந்து கணக்குத் தீர்க்கப்படும். வரிசையில் அடுத்தவர் இதே தொகையோடு வரும்வரை எல்லாம் சரியாக ஓடும். கொரிய மத்திய வங்கியின் அடிப்படை வட்டி 2020இல் 0.5 விழுக்காடு, 2023 தொடக்கத்தில் 3.5. வட்டி ஏறியதும் ஜொன்சேத் தொகை சரிந்தது, அடுத்தவர் குறைந்த பணத்தோடு வந்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளை இப்படி வைத்திருந்த ஒருவர் 2022இல் இறந்தபோது, குடியிருந்தவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர ஆளில்லை. இன்சியோன் நகரில் சேமிப்பை இழந்த இளைஞர்கள் சிலர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். 2023 மே மாதம் பாதிக்கப்பட்டவர்களுக்கென்றே தனிச் சட்டம் இயற்ற வேண்டிவந்தது.

இத்தனைக்கும் 1981இலேயே குடித்தனக்காரரைக் காக்கும் சட்டம் அங்கே வந்துவிட்டது. குடியேறி, உள்ளூர் அலுவலகத்தில் முகவரியைப் பதிந்துவிட்டால், வீடு கைமாறினாலும் அவர் உரிமை நிற்கும். ஆனால் அந்தப் பாதுகாப்பு மறுநாள் பிறக்கும் நள்ளிரவில்தான் தொடங்கும். வங்கி அடமானமோ பதிந்த அன்றே செல்லும். சாமான் இறக்கும் அதே பகலில் வீட்டை அடமானம் வைத்துவிட்டால், ஏலத்தில் வங்கி முன்னால் நிற்கும். வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்தவர் பின்னால் நிற்பார். சில மணி நேர இடைவெளியில் இவ்வளவு பெரிய நியாயக்கேடு நுழைய முடிகிறது.

நம் ஊர் அட்வான்ஸும் இதே கணக்கின் சிறிய வடிவம். மாதம் 15,000 ரூபாய் வாடகைக்குப் பத்து மாத அட்வான்ஸ் என்றால் ஒன்றரை லட்சம். 6 விழுக்காடு வட்டி என்று வைத்துக்கொண்டாலும் மாதம் 750 ரூபாய் கண்ணில் படாமல் போகிறது. உண்மை வாடகை 15,750. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. பத்து மாதம் கேட்பது ஊர் வழக்கம், அவ்வளவுதான்.

ஒத்திக்கு, அதாவது போக்கியத்துக்குப் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றச் சட்டப்படி அது அடமானம். தொகை நூறு ரூபாயோ அதற்கு மேலோ என்றால் பதிவு செய்தே ஆக வேண்டும். பல லட்சத்தை முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு மட்டும் கொடுப்பவர்களை நினைத்தால் மனம் பதறுகிறது. அந்தத் தாள் வில்லங்கச் சான்றிதழில் ஏறாது. நாளை அந்த வீட்டை வாங்குபவருக்கோ, கடன் கொடுக்கும் வங்கிக்கோ நீங்கள் இருப்பது பதிவேட்டிலிருந்து தெரியவே தெரியாது.

பணத்தை எடுத்துக்கொண்டு கிளம்பும் முன் வில்லங்கம் போட்டுப் பாருங்கள். மூலப்பத்திரம் யார் கையில் இருக்கிறது என்று கேளுங்கள். ஒத்தி என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.